ஏழாம் தேதி, பத்தாம் தேதி

தார்ன்ஷா ஊரில் ரகசியம் பேசுகிறவன் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவான். ஊரில் பாதிப் பேருக்கு நெசவாலையில் வேலை. ஒரே கூடத்தில் எண்ணூறு தறிகள் ஓடும். பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் நெசவுக்காரிகள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பேசினார்கள், உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். பத்து வருடம் தறியில் நின்றவளுக்குத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருவர் பேசுவது நாளிதழ் படிக்கிற மாதிரி.

கால்பந்துக் கழகத்தின் செயலாளர் டாட்டர்சாலுக்கு இது தெரியாதது அல்ல. ஆனால் அவர் தொப்பிக்கடைக்காரர் மகன். ஆலைக்குள் கால் வைத்தவரில்லை. அன்றைக்கு மறந்துவிட்டார்.

ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை. ஆட்டத்தின் இடைவேளை. நெசவுக்காரி செலினா ரிம்மர் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முப்பது கெஜ தூரத்தில், பார்வையாளர் மேடைப் படியில் டாட்டர்சாலும் பழைய ஆட்டக்காரன் ஜாபெஸ் க்ரூக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டாட்டர்சால் சொன்னார்: “அன்னைக்கு எனாக் அங்க இல்லவே இல்லைங்கிறது அவ காதுக்குப் போகக்கூடாது. பலகை ஏறுற வரைக்குமாவது.”

ஜாபெஸ் நெசவுக்காரி பெற்ற பிள்ளை. பதில் சொல்வதற்கு முன் சுற்றிலும் பார்த்தான். அவளைக் கண்டான். தொப்பியைக் கழற்றி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு அவன் சொன்ன எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

எனாக் ரிம்மர் அவளுடைய கணவன். தார்ன்ஷா ஆல்பியன் அணியில் ஒன்பது வருடம் இடது ஓரத்தில் ஆடியவன். ஒரே ஒரு முறை இங்கிலாந்து அணிக்கு மாற்று ஆட்டக்காரனாகக் கூப்பிட்டார்கள். ரயில் ஏறிப் போய், பதினோரு பேரின் கோட்டுகளுக்கும் காவல் இருந்துவிட்டு வந்தான். தனக்குப் பந்து வரும் வரை கோட்டோரம் கைகட்டி நிற்பான். பின்னால் போய்த் தடுக்கிற வேலையெல்லாம் கிடையாது. “எனாக், பஸ்ஸுக்கா நிக்கிறே?” என்று கூட்டம் கத்தும். பந்து வந்துவிட்டால் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும்.

போர் தொடங்கிய வருடம் பத்திரிகைகள் ஆட்டக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்டன. பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இவன்கள் பந்து உதைக்கிறான்கள் என்றன. டிராம் நிறுத்தத்தில் ஒருத்தி எனாக்கின் கோட்டில் வெள்ளை இறகு குத்தினாள். கோழை என்று அர்த்தம். அடுத்த வாரமே ஆல்பியன் ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் ஊர்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். திரும்பி வந்தது ஜாபெஸ் ஒருவன்.

பட்டாளம் பெரிய தாக்குதலுக்குப் போனது 1916 ஜூலை ஏழாம் தேதி. அன்றைக்கு மட்டும் தார்ன்ஷாவில் நூற்றுப்பத்து வீடுகளுக்கு இழவு. செலினாவுக்கும் அதிகாரியின் கடிதம் வந்தது. முன்னால் நின்று போரிட்டார், நொடியில் உயிர் போயிற்று, வேதனை இல்லை. பக்கத்து வீட்டு ஃப்ளோரி ஹோல்ட்டுக்கு வந்த கடிதத்திலும் அதே மூன்று வாக்கியங்கள், அதே வரிசையில். ஆனால் அரசாங்கப் படிவத்தில் எனாக்குக்கு மட்டும் பத்தாம் தேதி என்று இருந்தது. எழுத்தர் பிழை என்றார்கள். நான்கு வருடமாக அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

இப்போது மைதான மேடையில் பித்தளைப் பலகை ஏறப்போகிறது. இறந்த நால்வரின் பெயர், நாள், இடம். எனாக்கின் பெயருக்கு நேரே ‘ஜூலை 7 தாக்குதலில்’ என்று வெட்டப்போவதாக டாட்டர்சாலே வந்து சொல்லியிருந்தார். மே முதல் தேதி, பருவத்தின் கடைசி ஆட்டத்தில், செலினா கயிற்றை இழுத்துத் திரையை விலக்க வேண்டும். அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

அன்னைக்கு அங்கே இல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினாள். பட்டாளத்திலிருந்து வந்த சாமான்கள். சவரக்கத்தி, புகைக்குழாய், அவளுடைய படம், ஒரு ஜோடி ஆட்டக் காலணி. காலணியில் காய்ந்த களிமண். கயிறுகள் இரண்டும் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தன. முடிச்சு அப்படியே இருந்தது. வந்த நாளில் இதைப் பார்த்து அழுதவள், இன்றைக்குக் கணக்குப் போட்டாள். சண்டைக்குப் போகிறவன் எதற்கு ஆட்டக் காலணி வைத்திருந்தான்? ஏழாம் தேதி அங்கே இல்லை. பத்தாம் தேதி சாவு. நடுவில் மூன்று நாள். பட்டாளத்தை விட்டு ஓடுகிறவனைப் பிடித்து, விசாரித்து, சுவரோரம் நிறுத்திச் சுட மூன்று நாள் போதும். அப்படிச் சுடப்பட்டவர்கள் உண்டென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயர் சொல்வதில்லை.

சந்தேகத்துக்கு எதைப் போட்டாலும் தின்றது. விதவை உதவித்தொகை ஒழுங்காக வருகிறதே என்று நினைத்தாள். அதையும் மூடி மறைக்கத்தான் கொடுக்கிறார்கள் என்று தோன்றியது.

திங்கட்கிழமை தறியில் ஃப்ளோரி எதிரே நின்றாள். ஆளுக்கு நான்கு தறி, நடுவில் ஒற்றையடி இடைவெளி. ஃப்ளோரியின் வாய் காலையிலிருந்து மாலைவரை ஓயாது.

“ஏண்டி, கயிறு இழுக்கிற அன்னைக்கு எந்தத் தொப்பி?”

“இருக்கிறதே ஒண்ணுதான்.”

“அதுவா? அய்யய்யோ. பலகையை எவனும் பாக்கமாட்டான். பாவம், தலையில கோழி செத்துக் கிடக்குதேன்னு உன்னைத்தான் பாப்பான்.”

செலினா சிரிக்கவில்லை. “சாம் கடைசியா எழுதின கடுதாசியில எங்க வீட்டுக்காரரைப் பத்தி என்ன இருந்துச்சு?”

“நூறு தடவை சொல்லியாச்சு. எனாக்கோட ஆட்டக் காலணிக்கு அடியில வழுக்காம இருக்கப் புதுசா தோல்குமிழ் அடிச்சுக் கொடுத்தேன்னு இருந்துச்சு.” ஃப்ளோரியின் கணவன் சாம் பட்டாளத்தில் காலணி தைக்கிறவனாக இருந்தான். ஏழாம் தேதி செத்தவர்களில் ஒருவன்.

“சண்டைக்கு ஒரு வாரம் இருக்கையில ஆட்டக் காலணி எதுக்குடி?”

“ஆம்பளைங்களைக் கேக்கிற கேள்வியா இது? என் மாமனார் சாகும்போது கையில சீட்டுக்கட்டு இருந்துச்சு.”

சொல்லிவிட்டு ஃப்ளோரி திரும்பிக்கொண்டாள். தறியில் ஓர் இழை அறுந்திருந்தது, முடிச்சுப் போட வேண்டும். அதற்குத்தான் திரும்பினாளா? இவளுக்கும் தெரியுமோ? செலினா தலையை ஆட்டி அந்த நினைப்பை உதறப் பார்த்தாள். போகவில்லை.

புதன்கிழமை ஜாபெஸ் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி கதவைக் கால்வாசி திறந்து, “அவர் வெளியில போயிருக்காரு” என்றாள். பின்னால் ஆணியில் அவன் தொப்பி தொங்கியது. அந்த ஊரில் தொப்பியில்லாமல் வெளியே போகிற ஆண் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் கடைசிப் பாட்டு முடியுமுன்பே பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிவிட்டான். அதற்கடுத்த வாரம் சந்தையில் அவளைப் பார்த்ததும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி சந்துக்குள் திரும்பினான். போரில் முழங்கால் போய்விட்டது, அதனால்தான் ஆட்டத்தை விட்டேன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். செலினா சந்து முனைவரை பின்னாலேயே போனாள். அங்கே சுவரோரம் ஏணி போட்டிருந்தது. ஜாபெஸ் தானிய மூட்டையைத் தோளில் வைத்து, இரண்டிரண்டு படியாக ஏறிக்கொண்டிருந்தான்.

அந்த முழங்காலும் பொய்.

ஜாபெஸை எங்கே பிடிப்பது என்று அவளுக்கு அப்போது தோன்றியது. அவன் பந்தயப் புறா வளர்க்கிறவன். பந்தய நாளில் புறாக்காரன் கூண்டை விட்டு அசைய முடியாது. எங்கோ எண்பது மைலுக்கு அப்பால் பெட்டியைத் திறந்துவிடுவார்கள். பறவை வீட்டுக்கு வந்து கூண்டுக்குள் இறங்க வேண்டும். அதன் காலிலிருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டிக்குள் போட வேண்டும். போட்ட நேரம்தான் கணக்கு. வீடு தீப்பற்றினாலும் போக மாட்டான்.

இருபத்துநாலாம் தேதி, சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு மேல் ஆலை விட்டதும் ஜாபெஸின் புறாக்கூண்டு இருக்கும் மேட்டுத் தோட்டத்துக்கு ஏறினாள். ஜாபெஸ் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். கடிகாரப் பெட்டியைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான்.

“சால்வையைத் தலையிலேர்ந்து இறக்கு, தங்கச்சி. புது ஆளைப் பாத்தா பறவை இறங்காது.”

அவள் இறக்கவில்லை. “நான் போகப் போறதில்ல. நீங்களும் போக முடியாது.”

“இன்னொரு நாள் பேசுவோமே.”

“மூணு வாரமா இன்னொரு நாளைத்தான் தேடுறேன். ஜாபெஸ் அண்ணே, அவரைச் சுட்டுட்டாங்களா?”

“ஜெர்மன்காரனா?”

“நம்மாளுங்க. ஓடிப்போனதுக்கு.”

ஜாபெஸின் வாய் திறந்தே இருந்தது. அவள் அவன் உதட்டையே பார்த்தாள். நடிக்கிறவன் வாய் அப்படித் திறக்காது என்று அவள் அனுபவம் சொன்னது. முழுசாக நம்பவில்லை.

“எவன் சொன்னான் உனக்கு?”

“டாட்டர்சால். அன்னைக்கு அங்க இல்லவே இல்லைன்னாரு. கண்ணால பாத்தேன்.”

“அட கிறுக்கச்சி! அதை வச்சா இத்தனை நாள்...”

“மிச்சத்தைத் தொப்பியால மறைச்சது நீங்கதானே.”

அவன் கைகளைத் தேய்த்தான். மேட்டுக்குக் கீழே ஆலைப் புகைபோக்கிகள் ஓய்ந்து நின்றன. சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் அங்கிருந்து அடுத்த ஊர் தெரியும்.

“ஓடல,” என்றான். “ஓட விடல. நிறுத்தி வச்சுட்டாங்க.”

“யாரு?”

“கர்னல். அங்க ஒரு தளபதி கோப்பைப் போட்டி வச்சிருந்தாரு. பட்டாளத்துக்குப் பட்டாளம் கால்பந்து. நாங்க கடைசி ஆட்டத்துக்கு வந்துட்டோம். எட்டாந்தேதி ஆட்டம். திடீர்னு ஏழாந்தேதி தாக்குதல்னு உத்தரவு வந்துச்சு. ஆட்டம் ரத்தாகும்னு நெனைச்சோம். ஆகல. ஆட்டக்காரன் பதினோரு பேரும் பின்னாலயே இருக்கணும்னு கர்னல் சொல்லிட்டாரு. எனாக், நான், இன்னும் ஒன்பது பேரு.”

“நீங்க பின்னால இருந்தீங்க. மத்தவங்க போனாங்க.”

“ஆமா.”

“பதினோரு பேர் குறையுமே.”

அவன் வானத்தைப் பார்த்தான். “குறையக்கூடாதுன்னு நிரப்பினாங்க. சமையல்காரன், வண்டிக்காரன், கணக்கெழுதுறவன்.” நிறுத்தினான். “காலணி தைக்கிறவன்.”

செலினாவுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “யாரோட இடத்துக்கு சாம் போனாரு?”

“அப்படியெல்லாம் ஆளுக்கு ஆள் கணக்கு இல்ல.”

“இருந்தா சொல்லியிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

அப்போது ஒரு புறா வந்தது. தாழ்வாக வட்டமடித்து, கூண்டின் பலகையில் உட்கார்ந்து, சால்வையைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. ஜாபெஸ் தானியக் குவளையைக் கையில் எடுத்தான். அதைக் குலுக்கினால் போதும். குலுக்கவில்லை.

“எட்டாந்தேதி காலையில சேதி வந்துடுச்சு. யார் யார் திரும்பலைன்னு. நம்மூரு ஆளுங்க தெருத் தெருவா செத்துப் போயிருந்தாங்க. மத்தியானம் எங்களுக்கு ஆட்டம். பேண்டு வாத்தியம் வேற. எனாக் காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. ஆட்டம் ஆரம்பிச்சதும் பைத்தியம் புடிச்ச மாதிரி ஓடினான். ஒன்பது வருசம் அவனோட ஆடியிருக்கேன். ஒரு நாளாவது தடுக்கப் பின்னால வந்திருக்கானா?”

“வரமாட்டாரு.”

“வந்தான். எங்க பாத்தாலும் அவன்தான். ரெண்டாம் பாதியில எங்க கோல் பக்கம் பந்து ஒசரமா வந்துச்சு. அது என்னோட பந்து. கண்ணை மூடிக்கிட்டு எகிறுவேன், எவனும் குறுக்க வரமாட்டான், அது என் இடம். அவன் அங்க வந்து நின்னான்.”

ஜாபெஸ் தன் வலது முழங்காலைப் பார்த்தான்.

“வயித்துல,” என்றான். “எந்திரிச்சுட்டான். கடைசி வரைக்கும் ஆடினான். ஒரு கோல்ல ஜெயிச்சோம். சாயங்காலம் கறுப்பா வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக் கூடாரத்துல கால் வீங்கி காலணி கழலல, கயிறை அறுத்தாங்க. உள்ள எதுவோ கிழிஞ்சிடுச்சுன்னாங்க. ரெண்டு ராத்திரி இருந்தான்.”

“பேசினாரா?”

“திட்டினான். அது என் பந்துடா, நீ ஏண்டா வந்தேன்னான். அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான்.”

“என் பேரைச் சொன்னாரா?”

ஜாபெஸ் அவளை நேராகப் பார்த்தான். “இல்ல, தங்கச்சி.”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததால் மற்ற எல்லாவற்றையும் நம்பினாள்.

“முழங்காலுக்கு ஒண்ணுமில்ல, இல்லையா?”

“ஒண்ணுமில்ல. அதை வச்சு ஆட முடியல, அவ்வளவுதான்.”

“ஃப்ளோரிக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா எங்க வீட்டு ஜன்னல்ல கண்ணாடி இருக்குமா?”

செலினா இறங்கி நடந்தாள். அவனை மன்னித்ததாகச் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பாதி மேட்டில் தானியக் குவளை குலுங்கும் சத்தம் கேட்டது. பந்தயம் எப்போதோ போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை கழக அலுவலகத்துக்குப் போனாள். மேடைக்கு அடியில் சின்ன அறை. வைக்கோலுக்கு நடுவே பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எழுத்துகளை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது.

“அந்த வரியை எடுத்துடுங்க சார்,” என்றாள். “வெறும் பேரும், ஜூலை பத்தும் இருந்தாப் போதும்.”

டாட்டர்சால் கதவைச் சாத்தினார். “ஜாபெஸ் உளறிட்டானா?”

“உளறினது நீங்க. படியில நின்னு.”

அவர் முகம் சிவந்தது. “ரிம்மரம்மா, பித்தளை. ரப்பர் வச்சு அழிக்கிற சமாச்சாரம் இல்ல.”

“அப்ப வேற பலகை.”

“நாலு நாள்லயா? உங்க வீட்டுக்காரருக்குக் கௌரவமா இருக்கட்டும்னுதானே...”

“அவரோட கௌரவத்துக்கா, உங்க கழகத்தோட கௌரவத்துக்கா?”

டாட்டர்சால் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். “பதினாலாம் வருசம் அந்தப் பத்திரிகைக்காரனுங்க நம்மளை என்ன எழுதினானுங்கன்னு ஞாபகம் இருக்கா? நாடு எரியுது, இவனுங்க பந்து உதைக்கிறானுங்கன்னு. இப்ப போய், சண்டை அன்னைக்கு எங்க ஆளு பந்தாட்டத்துக்காகப் பத்திரமா இருந்தான், பந்தாடித்தான் செத்தான்னு எழுதி மாட்டச் சொல்றீங்களா? சிரிப்பாங்கம்மா. அவரைப் பாத்துச் சிரிப்பாங்க.”

அது உண்மைதான். செலினாவுக்கு அது தெரிந்தது. வெள்ளை இறகோடு எனாக் வீட்டுக்கு வந்த மாலை நினைவுக்கு வந்தது. அவன் அதைப் புகைக்குழாய் குடைவதற்கு வைத்துக்கொண்டான்.

“ஏழாந்தேதி செத்தது சாம் ஹோல்ட்,” என்றாள். “அந்தத் தேதி அவங்களோடது. எங்க வீட்டுக்காரருக்கு வேண்டாம்.”

“நீங்க கயிறை இழுக்கலைன்னா ஊர் சந்தேகப்படும்.”

“படட்டும். எனக்குப் பழகிடுச்சு.”

வெள்ளிக்கிழமை மாலை அந்தத் தெருவில் ஒவ்வொருத்தியும் முழங்காலிட்டுத் தன் வாசற்படியைத் தேய்ப்பாள். ஈரப் படியின் விளிம்பில் மஞ்சள் கல்லால் கோடு போடுவார்கள். கோடு வளைந்தால் மறுநாள் பேச்சு. ஃப்ளோரி வாளியும் கல்லுமாகக் குனிந்திருந்தாள். செலினா பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கோப்பை, பதினோரு பேர், நிரப்பிய பதினோரு பேர், முழங்கால், இரண்டு ராத்திரி. குரலைத் தாழ்த்தவில்லை. எதையும் விடவுமில்லை.

ஃப்ளோரி தேய்ப்பதை நிறுத்தவில்லை. கோடு படியின் கடைசிவரை நேராகப் போனது.

“யாரு ஜெயிச்சது?” என்றாள்.

“என்னது?”

“ஆட்டத்துல. யாரு ஜெயிச்சது?”

“நம்மாளுங்கதான். ஒரு கோல்ல.”

“சரி.” கல்லை வாளிக்குள் போட்டாள். “நாளைக்குக் கயிறை இழுப்பியா?”

“மாட்டேன்.”

“இழுத்தா என்ன? நீ வாயைத் திறக்கலைன்னா எனக்கு எங்கேர்ந்து தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“அப்ப நீயே வச்சுக்கிட்டு இருந்திருக்கலாமே. எதுக்குடி என் கையில கொடுத்தே?”

 உன்னையும் சந்தேகப்பட்டேன் என்று சொல்லலாம் என்று செலினா நினைத்தாள். அது இன்னும் மோசம். ஃப்ளோரி அழுக்குத் தண்ணீரைத் தெருவில் ஊற்றினாள். ஊற்றும்போது செலினாவின் கால் பக்கம் போகாதபடி வாளியைத் திருப்பித்தான் ஊற்றினாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை செலினா மைதானத்துக்குப் போனாள். மேடையில் அவளுக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் எல்லோரையும் போல வாசலில் காசு கொடுத்து நுழைந்து கம்பியோரம் நின்றாள். மூவாயிரம் பேர் தொப்பியைக் கழற்றினார்கள். திருமதி ரிம்மருக்கு உடல்நலம் சரியில்லை என்று டாட்டர்சால் ஒலிக்குழாயில் அறிவித்தார். அவருடைய மனைவி கயிற்றை இழுத்தாள். திரை பாதியில் சிக்கியது. யாரோ ஒருவர் குடையால் தள்ளிவிட்டார். பித்தளை வெயிலில் மின்னியது. நான்கு பெயர்கள். அவள் படிக்கவில்லை, என்ன இருக்கிறது என்பது தெரியும். ஜாபெஸைத் தேடினாள். அவன் வரவில்லை.

பக்கத்தில் நின்ற கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சுமை வண்டி ஓட்டுகிறவர், எனாக்கின் காலத்திலிருந்து அதே இடத்தில் நிற்கிறவர்.

“உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்களேம்மா?”

“நல்லாத்தான் இருக்கேன். எங்க வீட்டுக்காரர் செத்தது பத்தாந்தேதி. அந்தப் பலகை தப்பு.”

“பத்தா? எப்படி?”

“பந்தாடும்போது அடிபட்டு. ஏழாந்தேதி அவரைச் சண்டைக்கு அனுப்பல. ஆட்டத்துக்கு வேணும்னு நிறுத்தி வச்சிருந்தாங்க.”

கிழவர் தாடையைச் சொறிந்தார். “அப்படியா,” என்றார். சிறிது நேரம் கழித்து அரையடி தள்ளி நின்றார். தள்ளி நின்றவர் அடுத்தவரிடம் ஏதோ சொன்னார். இடைவேளைக்குள் அது கம்பி வழியே மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. சிலர் சிரித்தார்கள். சிலர் சிரித்தவர்களை முறைத்தார்கள். ஆல்பியன் இரண்டு கோலில் தோற்றது.

திங்கட்கிழமை காலை ஃப்ளோரி வேறு தறிகளைக் கேட்டு மேஸ்திரியிடம் போயிருப்பாள் என்று செலினா எதிர்பார்த்தாள். போகவில்லை. எதிரே தன் நான்கு தறிகளிடம் வந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. இயந்திரப் பட்டை ஓடியது, எண்ணூறு தறிகளும் இரையத் தொடங்கின. ஃப்ளோரியின் உதடு அசையவே இல்லை. அவள் வாய் மூடியிருந்து செலினா ஒரு நாளும் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு ஃப்ளோரி ஊடைநூல் எடுக்கக் கிடங்குக்குப் போனாள். அவள் போன சற்று நேரத்தில் அவளுடைய மூன்றாவது தறியில் பாவு இழைகள் கொத்தாக அறுந்தன. விட்டால் ஒரு கெஜத் துணி பாழ். செலினா இடைவெளியைத் தாண்டிப் போய்த் தறியை நிறுத்தினாள். அறுந்த முனைகளைத் தேடி ஒவ்வொன்றாகக் கோத்தாள். மொத்தம் பதினாறு.

ஃப்ளோரி கூடையோடு திரும்பி வந்தாள். நின்ற தறியைப் பார்த்தாள். முடிச்சுகளை விரலால் தடவி, ஒன்று சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி போட்டாள். பிறகு கைப்பிடியைத் தள்ளித் தறியை ஓட்டினாள்.